தெயாஹுபோ பவளத்திட்டின் அலை முன்னறிவிப்பு: தொலைக்கடல் கணிப்பும் உள்ளூர்க் கடலறிவும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சுப் பாலினேசியாவின் தாஹிதித் தீவில் அமைந்துள்ள தெயாஹுபோ, உலகின் மிகக் கடினமான அலைச்சறுக்குத் தளங்களுள் ஒன்றாகும். அங்கு உடையும் அலையின் வரவு இன்று பல நாள்களுக்கு முன்பே கணிக்கப்படுகிறது. இக்கணிப்பு முறை இரண்டாம் உலகப்போரின் தரையிறக்கத் தேவையிலிருந்து பிறந்து, 1963ஆம் ஆண்டின் பசிபிக் ஆய்வால் உறுதிப்பட்டு, கணினி மாதிரிகளின் வழியே பொதுப் பயன்பாட்டுக்கு வந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆழ்கடலில் அலையின் பயணத்தை அறிவியல் தெளிவாக விளக்கியபோதிலும், திட்டின் மீதான இறுதிச் சில நூறு மீட்டர்களில் உள்ளூர் மக்களின் அறிவே தீர்மானிக்கும் இடத்தைப் பெறுகிறது என்பதை 2011, 2023, 2024ஆம் ஆண்டு நிகழ்வுகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தெயாஹுபோ, தாஹிதி, நெட்டலை, அலை முன்னறிவிப்பு, வால்டர் மங்க், கள்ளக்கடல்.

முன்னுரை

கடற்கரையில் நிற்பவருக்கு அலை என்பது அவ்விடத்து நிகழ்வாகவே தோன்றும். எனினும் பெரும்பாலான பேரலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் வீசிய புயலின் விளைவுகள் ஆகும். காற்று வீசும் பகுதியிலேயே எழுந்து அடங்கும் அலைகளைக் காற்றலை என்றும், பிறந்த இடத்தை விட்டு நீங்கி நெடுந்தொலைவு செல்லும் ஒழுங்கான அலைகளை நெட்டலை என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. நெட்டலையின் வரவை முன்கூட்டியே சொல்லும் ஆற்றலை மனிதர் எவ்வாறு பெற்றனர், அவ்வாற்றலின் எல்லை யாது என்பன இங்கு எழுப்பப்படும் வினாக்கள். கணிப்பில் நேரும் சிறு பிழையும் உயிரிழப்புக்குக் காரணமாகக்கூடிய தெயாஹுபோ, இவ்வினாக்களை ஆராய ஏற்ற களமாக அமைகிறது.

1. திட்டின் அமைப்பும் வானிலையும்

தாஹிதியின் தென்கிழக்கே உள்ள சிறிய தீபகற்பமான தாஹிதி இத்தியின் தென்மேற்குக் கரையில், சாலை முடியும் இடத்தில் தெயாஹுபோ என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. கரைக்கும் பவளத்திட்டுக்கும் இடையே அமைதியான காயல் உண்டு. மலையிலிருந்து இறங்கும் நன்னீர் கலக்குமிடத்தில் பவளம் செழித்து வளர்வதில்லை. அதனால் திட்டில் ஹவாயே எனப்படும் இயற்கையான கடல்வாயில் உருவாகியுள்ளது. இவ்வாயிலை ஒட்டியே புகழ்பெற்ற அலை உடைகிறது.

கண்டத்திட்டு அகன்றுள்ள கரைகளில் அலை கடலடியில் உராய்ந்து படிப்படியாக வலுவிழக்கும். எரிமலைத் தீவான தாஹிதியிலோ திட்டின் வெளிவிளிம்பு சடுதியாக ஆழத்துக்குச் சரிகிறது. ஆழ்கடலின் விசை குறையாமல் வந்து சேரும் நெட்டலை, ஒரு மீட்டருக்கும் குறைவான நீர் மூடியுள்ள பவளத்தின் மீது மோதுகிறது. எனவேதான் இங்கு அலை உயரத்தில் மட்டுமன்றித் தடிமனிலும் பெருத்துச் சுருள்கிறது. அதிலிருந்து தவறி விழுபவர் கூரிய பவளத்தின் மீதே விழ நேரிடும். 2000ஆம் ஆண்டில் உள்ளூர் வீரர் பிரீஸ் தயேரேயா இவ்வாறே உயிரிழந்தார்.

இங்கு வானிலையைக் கணிப்போர் மூன்று கூறுகளைக் கவனிப்பர். முதலாவது, தென்மேற்கிலிருந்து வரும் நெட்டலை. நியூசிலாந்துக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையே, ‘கர்ஜிக்கும் நாற்பதுகள்’ எனப்படும் அட்சரேகைகளிலும் அவற்றுக்குத் தெற்கிலும் எழும் குளிர்காலப் புயல்களே அதன் பிறப்பிடம். ஆதலின் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இத்தளத்தின் பருவமாகிறது. இரண்டாவது, காற்று. காலையில் பள்ளத்தாக்குகளிலிருந்து கடலை நோக்கி வரும் மென்காற்று அலைமுகத்தை வழவழப்பாக்கும். மாராமு எனப்படும் வலிய தென்கிழக்குக் காற்று அதனைக் குலைக்கும். மூன்றாவது, ஓதம். உலகின் பெரும்பாலான கரைகளில் உயர் ஓதம் சந்திரனைப் பின்பற்றி நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். தாஹிதியில் சந்திரனின் ஈர்ப்பால் எழும் ஓதம் மிகச் சிறிது. சூரியனின் பங்கு மேலோங்குவதால் உயர் ஓதம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே நிகழ்கிறது. ஓத வேறுபாடும் ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் அளவினதே. எனவே இம்மூன்றனுள் கணிப்பாளருக்கு உண்மையான சவாலாக நிற்பது நெட்டலையே.

2. பாலினேசியக் கடலறிவு

நெட்டலையைப் பற்றிய அறிவு ஐரோப்பிய அறிவியலுடன் தொடங்கியதன்று. 1769ஆம் ஆண்டு மே மாதம், குக்கின் பயணக்குழுவில் இருந்த ஜோசப் பேங்க்ஸ், தாஹிதியர் பழைய ஓடமொன்றின் பின்பகுதியைக் கொண்டு உடையும் அலைகளில் விளையாடியதைக் கண்டு தம் நாட்குறிப்பில் பதிந்தார். அதே ஆண்டில் ராயாத்தேயாத் தீவைச் சேர்ந்த துபாயா என்னும் வழிகாட்டி அக்கப்பலில் இணைந்தார். பசிபிக் தீவுகளின் இருப்பிடம் குறித்த அவரது அறிவு ஒரு வரைபடமாகவும் வடிவம் பெற்றது.

இம்மரபின் உயிர்ப்பு 1976இல் உலகறிய வெளிப்பட்டது. மைக்ரோனேசியாவின் சத்தவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாலுக், கருவிகள் எவையும் இன்றி ஹொகுலேயா என்னும் இரட்டைத் தோணியை ஹவாயிலிருந்து தாஹிதிக்குச் செலுத்தினார். விண்மீன்களோடு நெட்டலைகளின் திசையும் அவருக்கு வழிகாட்டின. ஒன்றன்மீது ஒன்றாக வரும் பல்வேறு அலைத்தொகுதிகளைத் தோணியின் அசைவைக் கொண்டே பிரித்தறிவது அம்மரபின் திறன். ஒரே கடற்பரப்பில் பல திசைகளின் அலைகள் கலந்துள்ளன என்ற கருத்தை நவீனக் கடலியல் கணித வடிவில் கையாளத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

3. போர்க்காலத் தேவையும் அலைக் கணிப்பும்

அறிவியல் முறையிலான அலை முன்னறிவிப்பு 1942இல் உருப்பெற்றது. வட ஆப்பிரிக்காவில் நேசநாட்டுப் படைகளைத் தரையிறக்கத் திட்டமிடப்பட்ட காலம் அது. அமெரிக்காவின் கரோலினாக் கரையில் நடந்த ஒத்திகைகளில், அலைகள் ஒரு குறிப்பிட்ட உயரத்தைக் கடந்தபோது தரையிறங்கு படகுகள் பக்கவாட்டில் திரும்பி நீர் புகுந்ததால் பயிற்சி நிறுத்தப்பட்டதை இளம் ஆய்வாளர் வால்டர் மங்க் அறிந்தார். வடமேற்கு ஆப்பிரிக்கக் கரையில் குளிர்கால அலைகள் அவ்வுயரத்தைப் பெரும்பாலும் விஞ்சுவன. அமைதியான நாளை முன்கூட்டியே அறியாவிடில் படையினர் கரையை எட்டுமுன்பே மூழ்குவர்.

மங்க் தம் ஆசிரியரும் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவன இயக்குநருமான ஹரால்டு ஸ்வெர்ட்ரப்பை நாடினார். காற்றின் வேகம், அது வீசும் காலம், வீசும் பரப்பின் நீளம் ஆகிய மூன்றையும் கொண்டு அலையின் உயரத்தையும் கால இடைவெளியையும் கணிக்கும் முறையை இருவரும் வகுத்தனர். படகோட்டிகள் தம் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லும் உயரம், அலைகளுள் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரிக்கு நெருங்கியிருந்தது. இதுவே ‘குறிப்பிடத்தக்க அலை உயரம்’ என்னும் அளவாக நிலைபெற்றது. இன்றைய முன்னறிவிப்புகள் அனைத்திலும் இடம்பெறும் இவ்வளவு, மனிதக் கண்ணின் பழக்கத்திலிருந்து பிறந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஸ்கிரிப்ஸில் பயிற்சி பெற்ற படை வானிலையாளர்கள் 1944ஆம் ஆண்டு ஜூன் மாத நார்மண்டித் தரையிறக்கத்துக்கான அலைக் கணிப்பிலும் பங்கேற்றனர். போர் முடிந்தபின் 1947இல் இம்முறை வெளியிடப்பட்டது.

அடுத்த ஆண்டில் பிரிட்டனின் பார்பர், உர்செல் ஆகியோர் கார்ன்வால் கரையில் பெற்ற அழுத்தப் பதிவுகளைக் கால இடைவெளி வாரியாகப் பிரித்து ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். நீண்ட இடைவெளி கொண்ட அலைகள் முதலிலும் குறுகிய இடைவெளி கொண்டவை பின்னரும் கரை சேர்வதை அவர்கள் மெய்ப்பித்தனர். ஆழ்கடலில் அலையாற்றலின் வேகம் அதன் கால இடைவெளிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. இருபது வினாடி இடைவெளி கொண்ட அலைத்தொகுதி மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டரும், பதினான்கு வினாடி கொண்டது ஏறத்தாழ 39 கிலோமீட்டரும் செல்லும். 4,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புயலிலிருந்து தாஹிதியை அடைய முதலாவதற்கு 80 மணி நேரமும், அடுத்ததற்கு ஏறத்தாழ 115 மணி நேரமும் ஆகும். பல நாள் முன்னறிவிப்புக்கு இடம் தருவது இப்பயண நேரமே.

4. பசிபிக்கைக் கடந்த அலைகள் (1963)

அலைகள் எவ்வளவு தொலைவு அழியாமல் செல்லும் என்னும் வினா எஞ்சியிருந்தது. 1963இல் மங்க், ஃபிராங்க் ஸ்னாட்கிராஸ் உள்ளிட்ட குழுவினர் நியூசிலாந்தின் பாலிசர் முனை, சமோவாவின் துதுயிலா, பால்மைராத் தீவு, ஹொனலுலு, அலாஸ்காவின் யாக்குடாட் ஆகிய இடங்களிலும், வடபசிபிக்கில் நிறுத்தப்பட்ட ஃபிளிப் என்னும் மிதவைத் தளத்திலும் கருவிகளை நிறுவினர். தென்கடல் புயல்களில் பிறந்த அலைகள் பெருவட்டப் பாதையில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து அலாஸ்காவை எட்டின. புயற்பகுதியை நீங்கிய பின் நீண்ட அலைகள் மிகச் சிறிதளவே ஆற்றலை இழப்பதும் தெரியவந்தது. அந்நிலைய வரிசையில் தாஹிதி இடம்பெறவில்லை. ஆயினும் தெயாஹுபோவின் அலை எங்கிருந்து வருகிறது என்பதற்கான அறிவியல் அடித்தளத்தை அவ்வாய்வே இட்டது.

5. தொலைபேசி முதல் கணினி மாதிரி வரை

படைத்துறையின் இவ்வறிவு பொதுமக்களை அடைந்த வழி குறிப்பிடத்தக்கது. 1985இல் கலிஃபோர்னியாவில் சர்ஃப்லைன் என்னும் கட்டணத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. அதன் முன்னறிவிப்பாளரான ஷான் காலின்ஸ், வானிலை வரைபடங்களைத் தாமே படித்துப் பழகி இத்துறையைக் கற்றவர். மறுபுறம், கிளாஸ் ஹாசல்மன் முதலியோரின் வடகடல் ஆய்வு 1973இல் வெளிவந்து அலை வளர்ச்சிக் கோட்பாட்டைச் செம்மைப்படுத்தியது. அதன் வழியே 1988இல் வாம் மாதிரியும், பின்னர் அமெரிக்காவில் வேவ்வாட்ச் மாதிரியும் உருவாயின. இணையத்தின் வரவால் இக்கணிப்புகள் எவரும் காணத்தக்கன ஆயின.

1985இல்தான் தெயாஹுபோ அலையில் உள்ளூர் வீரர்கள் முதன்முதலில் சறுக்கியதாகப் பதிவுகள் கூறுகின்றன. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 17இல் லேர்டு ஹாமில்டன் நீர்வாகனத்தால் இழுக்கப்பட்டு ஏறிய அலை, அத்தளத்தை உலகப் புகழுக்கு உரியதாக்கியது.

6. கணிப்பின் வெற்றியும் எல்லையும்

2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். மாபெரும் நெட்டலையின் வரவு முன்கூட்டியே கணிக்கப்பட்டது. போட்டி நிறுத்தப்பட்டது. படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாதென அதிகாரிகள் சிவப்பு எச்சரிக்கை விடுத்தனர். ஆயினும் அதே கணிப்பை அறிந்த வீரர்கள் பலர் திட்டை நோக்கிச் சென்றனர். விலகியிருக்கச் சொல்லும் செய்தி ஒரு சாராருக்கு அழைப்பாகவும் அமைந்ததை இந்நாள் உணர்த்துகிறது. அன்று பேரிழப்பு நேராமைக்கு, திட்டின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்த படகோட்டிகளும் நீர்வாகன மீட்பரும் வாயிலருகே நின்றது முக்கியக் காரணம் எனக் கருதலாம்.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியின் அலைச்சறுக்குப் பிரிவு இங்கு நடத்தப்பட்டது. முன்னதாக, நடுவர்களுக்கென அலுமினியக் கோபுரம் ஒன்றைத் திட்டின் மீது அமைக்க முடிவாயிற்று. பவளம் சிதையும் என ஊர்மக்கள் எதிர்த்தனர். 2023 டிசம்பரில் நடந்த சோதனையோட்டத்தில் கட்டுமான மிதவை பவளத்தை உடைத்தது. கோபுரத்தின் அளவு முன்னரே குறைக்கப்பட்டிருந்தது. சோதனைக்குப் பின் பணி இடைநிறுத்தப்பட்டு, மிதவை செல்லும் வழியும் மறுபரிசீலனைக்கு உள்ளானது. ஆழ்கடலின் அலையைக் கணக்கிட வல்ல அமைப்புகள், காயலின் ஆழத்தைக் குறித்து அங்கு மீன்பிடித்து வாழ்வோரின் சொல்லைக் காலந்தாழ்ந்தே கேட்டன.

போட்டிக்குப் பத்து நாள்கள் ஒதுக்கப்பட்டு, ஏற்ற நாள்கள் முன்னறிவிப்பைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டன. ஜூலை 29 அன்று பிரேசிலின் கேப்ரியல் மெதினா 9.90 புள்ளி பெற்றார். அலையிலிருந்து வெளியேறிய அவர் வானில் நிற்பதுபோன்ற ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. ஒரு வாரம் கழித்து நடந்த அரையிறுதியில் அதே வீரர் இரண்டாவது அலைக்காகக் காத்திருந்தார். கடல் அடங்கியிருந்தது. ஒரே அலையின் புள்ளியுடன் அவர் தோற்றார். அன்று பட்டம் வென்றவர் தாஹிதியைச் சேர்ந்த கௌலி வாஸ்ட்.

குறிப்பிடத்தக்க அலை உயரம் ஒரு புள்ளியியல் சராசரியே. சில மணி நேரத்தில் வரக்கூடிய மிக உயர்ந்த தனி அலை அதன் ஏறத்தாழ இரு மடங்காக இருக்கலாம். அவ்வலை எந்நொடியில் எவ்விடத்தில் எழும் என்பதை அவ்வளவு கூறாது. அரை மணிநேரப் போட்டிக்கும், நீரில் நிற்கும் ஓர் உயிருக்கும் அந்நொடியே முக்கியம்.

7. குமரிக்கரையின் படிப்பினை

இவ்வரலாறு தமிழகத்துக்கு அயலானதன்று. தென்கடலில் பிறக்கும் நெட்டலைகள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து கேரளம், கன்னியாகுமரிக் கரைகளை அடைகின்றன. உள்ளூரில் காற்றோ மழையோ இன்றித் திருடனைப் போல் வருவதால் கேரள மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்றனர். 2012இல் யுனெஸ்கோ ஏற்ற இச்சொல்லை ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் தன் எச்சரிக்கைகளில் ஆள்கிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் அம்மையம் முன்னெச்சரிக்கை விடுத்திருந்தது. எனினும் மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். கணிப்பு பிழைக்கவில்லை. வெயில் காயும் தெளிந்த நாளில், கரைக்குப் புதியவர்களாக வந்தோரை அச்செய்தி தடுத்து நிறுத்தவில்லை.

முடிவுரை

அலை முன்னறிவிப்பின் வரலாறு, படையினரின் உயிரைக் காக்கும் தேவையில் தொடங்கியது. அது ஆழ்கடலின் விதிகளைக் கண்டறிந்து, பல நாள் அவகாசத்தை மனிதருக்கு ஈட்டித் தந்தது. தெயாஹுபோவின் நிகழ்வுகள் அவ்வவகாசத்தின் பயன் கரையில் உள்ளோரைப் பொறுத்தது என்பதைக் காட்டுகின்றன. திட்டையும் காயலையும் அறிந்த படகோட்டி, மீனவர், மீட்பர் ஆகியோரின் அறிவு முன்னறிவிப்பு அமைப்பின் உறுப்பாகக் கொள்ளப்பட வேண்டும். குமரிக்கரையிலும், எச்சரிக்கை நாள்களில் அதனைக் கரையிலேயே நின்று வருவோருக்கு எடுத்துரைக்கும் பணியை உள்ளூர் மீனவர்க்கு அளிப்பது குறித்துச் சிந்திக்க வேண்டும். மீனவர் வழங்கிய சொல்லைக் கடலியல் ஏற்றுக்கொண்டுள்ளது. அச்சொல்லைத் தந்தோரின் பங்கையும் ஏற்பதே அடுத்த நிலையாகும்.