நாற்காலி எண் 14: வளைமரத் தொழில் உருவான வரலாறு

வியன்னாவின் காபிக்கடை நாற்காலி என்று பெயர் பெற்ற எண் 14, 1859இல் தோனெட் குடும்பத்தின் பட்டியலில் இடம்பெற்றது. அதன் எளிமையை அழகுணர்ச்சியின் வெற்றியாகப் போற்றுவதே பெருவழக்கு. நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த வடிவத்தைப் படிப்படியாகச் செதுக்கியவை பசையும் ஈரமும் சரக்குக் கூலியும்தான் என்பது புலப்படும்.

மிகையேல் தோனெட் 1796இல் ரைன் ஆற்றங்கரை ஊரான போப்பார்டில் பிறந்தவர். 1819இல் அங்கேயே தச்சுப் பட்டறை வைத்தார். அக்காலத்தில் வளைந்த கால் வேண்டுமென்றால் அகலமான பலகையில் வரைந்து அறுத்தெடுப்பார்கள். மரம் வீணாகும், இழை குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில் எளிதில் முறியவும் செய்யும். 1830களில் தோனெட் மெல்லிய மரச்சீவல்களைப் பசையில் கொதிக்கவைத்து, அச்சில் வளைத்து, ஒட்டாகச் சேர்த்தார். 1841இல் கோப்லென்ஸ் கண்காட்சியில் அப்படிச் செய்த நாற்காலிகளைக் கண்ட ஆஸ்திரியச் சான்சலர் மெட்டர்னிக் அவரை வியன்னாவுக்கு அழைத்தார். மறு ஆண்டே அந்த முறைக்கு ஆஸ்திரிய அரசின் தனியுரிமம் கிடைத்தது. லீக்டென்ஷ்டைன் அரண்மனை வேலை, டாம் காபிக்கடைக்கு நாற்காலிகள், 1851 லண்டன் பொருட்காட்சியில் வெண்கலப் பதக்கம் என்று பெயர் பரவியது. 1853இல் தொழிலை ஐந்து மகன்களின் பெயருக்கு மாற்றினார்.

ஏற்றுமதியில்தான் சங்கடம் முளைத்தது. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வஜ்ரப்பசை ஈரக்காற்றில் இளகிவிடும். வெப்பமும் ஈரமும் மிகுந்த கடல்கடந்த நாடுகளில் ஒட்டு விட்டுப்போயிற்று. மழைக்காலத்தில் வஜ்ரம் படுத்தும் பாட்டை அறிந்த நம்மூர்த் தச்சருக்கு இது வியப்பாக இராது. நல்ல பசை தேடுவதை விட்டுவிட்டுப் பசையே தேவைப்படாத வழியைத் தோனெட் தேடினார்: முழு மரத்தையே வளைப்பது.

இந்த உத்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு கழியை வளைத்தால் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெரிபடும். நீராவியில் வெந்த பீச் மரம் நெரிசலை நன்றாகத் தாங்கும். இழுவிசையைத் தாங்காது, சிறிது நீண்டாலே வெளிப்புறம் பிளந்துவிடும். தோனெட் கழியின் வெளிப்பக்கத்தில் உலோகப் பட்டை ஒன்றை வைத்து, இரு முனைகளிலும் இறுகப் பிணைத்தார். பட்டை நீளாது, ஆகவே அதை ஒட்டிய மரமும் நீள முடியாது. வளைவு முழுவதும் உட்புற நெரிசலாகவே நடந்து முடியும். சூடு ஆறுமுன் கழியை இரும்பு அச்சில் பூட்டி உலரவைத்தால், கழற்றிய பின்னும் வளைவு நிலைக்கும். புதிதாகக் கண்டுபிடித்த இயந்திரம் எதுவும் இதில் இல்லை, ஒரு பட்டைதான். என் மதிப்பீட்டில் நாற்காலியைவிட இதுவே பெரிய கண்டுபிடிப்பு.

1856இல் இதற்கும் உரிமம் பெற்று, பீச் காடுகள் சூழ்ந்த மொராவியாவின் கோரிச்சானியில் தொழிற்சாலை அமைத்தார்கள். மரம் அருகிலேயே கிடைத்தது, கூலியும் குறைவு. வேலை சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்ததால், தேர்ந்த தச்சர்கள் இல்லாமலேயே சுற்றுவட்டாரக் கிராமத்தினரைக் கொண்டு உற்பத்தி நடந்தது. இருக்கைக்குப் பிரம்பு பின்னியவர்களில் பெண்கள் மிகுதி.

எண் 14இல் மர உறுப்புகள் ஆறு மட்டுமே. பின்கால்கள் இரண்டும் முதுகுச் சட்டமும் ஒரே நீண்ட கழி. அதனுள் ஒரு வளைவு, இருக்கை வளையம், முன்கால்கள் இரண்டு, கால்களை இணைக்கும் கீழ்வளையம். பத்துத் திருகாணி, இரண்டு மரை போதும். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். போய்ச்சேரும் ஊரில் பூட்டிக்கொள்ளலாம். சித்திர வேலைப்பாடு நீங்கியதில் இந்தப் பெட்டிக் கணக்குக்குப் பெரும்பங்கு உண்டு: துருத்தி நிற்கும் பூவேலை அடுக்குக்கு ஒத்துவராது.

1867 பாரிஸ் பொருட்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. இரண்டே ஆண்டில், 1869இல், உரிமக் காலம் முடிந்தது. யாக்கோப், யோசெப் கோன் நிறுவனம் உள்ளிட்ட போட்டியாளர்கள் அதே முறையில் இறங்கினார்கள். ஆனாலும் 1930க்குள் எண் 14 ஏறத்தாழ ஐந்து கோடி விற்றதாகக் கணக்கிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோனெட்டின் செக்கோஸ்லோவாக்கியத் தொழிற்சாலைகள் நாட்டுடைமையாயின. அவற்றின் வழிவந்த செக் நாட்டின் டான் நிறுவனம் இன்று இதை 14 என்ற பழைய எண்ணிலேயே செய்கிறது. ஜெர்மனியின் பிராங்கன்பெர்க்கிலுள்ள தோனெட் நிறுவனத்தின் பட்டியலில் அதே நாற்காலியின் எண் 214.