ரிப்போர்ட்ல 'பாசிட்டிவ்'னு இருந்தா பயப்படணுமா?

1/ மார்பகப் புற்றுநோய் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று பெயர்கள் இருக்கும். மூன்றும் புரதங்கள். "பாசிட்டிவ்னு போட்டிருக்கே டாக்டர், முத்திடுச்சா?" என்று பதறுபவர்கள் பலர். இந்த மூணு பேரும் ரிப்போர்ட்டுக்குள்ள எப்படி வந்தாங்கன்னு தெரிஞ்சா, பாதி பயம் போயிடும்.

2/ 1896. கிளாஸ்கோ சர்ஜன் ஜார்ஜ் பீட்ஸன், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குச் சினைப்பைகளை அகற்றிப் பார்த்ததை லான்செட் இதழில் எழுதினார். கட்டி சுருங்கியது! ஆனால் மற்ற டாக்டர்களும் செய்து பார்த்தபோது, சிலருக்குத்தான் கேட்டது. யாருக்குக் கேட்கும்? சொல்ல வழியில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனையே அன்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

3/ விடைக்கு அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. சிகாகோவில் எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜனுக்குக் கதிரியக்க அடையாளம் போட்டு, உடம்பில் அது எங்கே போய்த் தங்குகிறது என்று தேடினார். கருப்பை போன்ற சில திசுக்கள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. பிடித்த கை ஒரு புரதம். அதுதான் ஈ.ஆர்.

4/ கட்டியில் ஈ.ஆர். இருந்தால் ஹார்மோன் சிகிச்சை கேட்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் வீண். அதுவரை, பலன் கிடைக்குமா என்றே தெரியாமல் சினைப்பையையும் அட்ரீனல் சுரப்பியையும் இழந்த பெண்கள் எத்தனை பேர்! 1977-ல் அமெரிக்காவில் டமாக்ஸிஃபென் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ஈ.ஆர். ஒழுங்கா வேலை செய்யுதுன்னு சொல்ற சாட்சிதான் பி.ஆர்.

5/ அடுத்து ஹெர்-2. 1987-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாக்டர் டென்னிஸ் ஸ்லாமன் குழு 189 கட்டிகளை ஆராய்ந்தது. சுமார் 30 சதவீதத்தில் ஹெர்-2 மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. அன்றைக்கு 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்பது கெட்ட செய்திதான்.

6/ ஆனா, செல்லின் மேல்பரப்பில் துருத்திக்கொண்டு நிற்கும் புரதத்தை மருந்தால் பிடிக்கலாமே? அப்படி வந்த டிராஸ்டுசுமாபுக்கு 1998-ல் அனுமதி. ஆரம்பநிலை நோயில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால், நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று 2005-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. நோயை வேகமாக வளர்த்த அதே புரதம், மருந்துக்கு இலக்காகிவிட்டது.

7/ ஆகவே, இங்கே 'பாசிட்டிவ்' என்றால் நோய் முற்றியது என்று அர்த்தமில்லை. மருந்து பிடித்துக்கொள்ள ஒரு பிடி இருக்கு என்று அர்த்தம். மூன்றும் நெகட்டிவ் என்றால் இந்தப் பிடிகள் இல்லை. கீமோ போன்ற வேறு வழிகளில் போகணும். ஹெர்-2 '2+' என்று வந்தால் அது முடிவல்ல, ஃபிஷ் டெஸ்ட் செய்துதான் உறுதிப்படுத்தணும். சிகிச்சை தொடங்கும் முன் இந்த மூன்றின் முடிவும் வந்தாச்சான்னு டாக்டரிடம் தயங்காம கேளுங்க.