மட்டாஞ்சேரியும் உயிர்ப்பின் நம்பிக்கையும்

கி.பி. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் ஒன்று வந்தது. பண்டைப் புகழ் வாய்ந்த முசிறித் துறை அதனால் மணல் மூடிப் பயனற்றுப் போக, தெற்கே கொச்சியில் கடல்வாய் அகன்று புதியதொரு துறைமுகம் தோன்றிற்று. பழந்துறையை இழந்த வணிகர் புதுத்துறையை நாடி வந்தனர். கொச்சி உப்பங்கழியின் கரையிலுள்ள மட்டாஞ்சேரி அவ்வாறு வளர்ந்த ஊராகும். அங்கே அரண்மனை முற்றத்தில் பழையன்னூர்ப் பகவதியின் கோவில் இருக்கிறது. அதன் அண்டையில், 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற யூதர் தொழுகைக் கூடம் நிற்கிறது. சற்று நடந்தால் கொங்கணியரின் திருமலைத் தேவர் கோவிலையும், முஸ்லிம்களின் பள்ளிவாசல்களையும், கிறிஸ்தவரின் ஆலயங்களையும் காணலாம். ஒரு பொழுதிலேயே சுற்றி வரத்தக்க இச்சிற்றூரில், மாண்டவர் மீண்டும் எழுவர் என்று நம்பிய மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்திருக்கின்றனர். அந்நம்பிக்கை, குறிப்பாகக் கிறிஸ்தவரிடையே, அவர்தம் வாழ்வில் எவ்வாறு வேரூன்றி நின்றது என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் உயிர்ப்பு என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். ஆன்மா அழியாதது என்னும் கொள்கையும் உயிர்ப்புக் கொள்கையும் ஒன்றல்ல. மறுபிறப்பும் அதுவன்று. சாவை உறக்கத்தோடு ஒப்பிட்டுக் காட்டிய திருவள்ளுவரை அறிந்த நமக்கு, கிறிஸ்தவர் சாவை உறக்கம் என்று கூறுவது புதிதாகத் தோன்றாது. ஆனால் வள்ளுவர் காட்டும் விழிப்பு, மீண்டும் ஒரு பிறப்பு; கிறிஸ்தவர் எதிர்நோக்கும் விழிப்போ, உறங்கிய அதே மனிதன் அதே மனிதனாக, உடலோடும் உயிரோடும் இறைவன் திருமுன் எழுந்து நிற்பதாகும். மண்ணில் இட்ட விதையையும் அதினின்று எழும் பயிரையும் அதற்கு உவமையாகக் காட்டினார் புனித பவுல். பயிர் விதையைப் போன்ற தோற்றம் உடையதன்று. எனினும் அது வேறொன்றன் பயிரும் அன்று. எருசலேமில் சிலுவையில் அறையுண்டு மாண்ட இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதும், அவ்வெழுச்சி மாந்தர் அனைவரின் எழுச்சிக்கும் முதற்கனி என்பதும் கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படையாகும். அந்த அடிப்படை இல்லையேல் தம் போதனை முழுவதும் வீண் என்று பவுலே கருதினார்.

இனி, கேரளக் கிறிஸ்தவர் தம் தந்தையெனப் போற்றும் அப்போஸ்தலர் தோமையார், இவ்வுயிர்ப்பை எளிதில் நம்ப மறுத்தவர். காயங்களைக் கண்ணாற் கண்டு கையால் தொட்டாலன்றி நம்பேன் என்று அவர் கூறியதை யோவான் எழுதிய நற்செய்தி உரைக்கிறது. எட்டு நாள் கழித்து, தழும்புகளோடு நின்ற இயேசுவைக் கண்டபின், அவரைத் தம் ஆண்டவரென்றும் தெய்வமென்றும் அவர் அறிக்கையிட்டார். அத்தோமையார் கி.பி. 52-இல் கொடுங்கல்லூர்ப் பகுதியில் வந்திறங்கினார் என்பது கேரளக் கிறிஸ்தவரின் தொன்மரபு. அக்காலத்து எழுத்துச் சான்று இதற்கு இல்லை. ஆயினும் ஆறாம் நூற்றாண்டில் இக்கடற்கரையில் கிறிஸ்தவர் வாழ்ந்தனர் என்பதைக் காஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகரின் நூல் உறுதி செய்கிறது.

கி.பி. 849-ஆம் ஆண்டில், வேணாட்டு அரசர் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவ ஆலயத்துக்கு உரிமைகள் வழங்கிச் செப்பேடு பொறித்தார். வட்டெழுத்தில் அமைந்த அப்பட்டயத்தின் ஈற்றில் அயல்நாட்டு வணிகர் சாட்சிக் கையொப்பமிட்டுள்ளனர். சிலர் அரபு எழுத்திலும், சிலர் பஹ்லவி எழுத்திலும், சிலர் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டனர். முஸ்லிம்கள், ஜரதுஷ்டிர சமயத்தார், யூதர் ஆகிய இம்மூவகையினரும் கிறிஸ்தவரைப் போலவே மரித்தோர் எழுவர் என்னும் கோட்பாட்டை உடையவர்கள். சுரியானிக் கிறிஸ்தவர் உயிர்ப்பைக் 'கியம்தா' என்பர். தமிழ் முஸ்லிம்கள் இறுதி நாளைக் 'கியாமத்து' என்பர். எழுந்து நிற்றல் என்னும் பொருளுடைய ஒரே செமித்திய வேரிலிருந்து கிளைத்த சொற்கள் இவை. மேலைக் கடற்கரை இந்நம்பிக்கையைக் கப்பற்சரக்கோடு பல வழிகளில் பெற்றது என்று கூறினால் மிகையாகாது.

அக்காலக் கிறிஸ்தவர் தம் நம்பிக்கையைக் கல்லிலும் வடித்துள்ளனர். சென்னைப் பறங்கிமலையில் 1547-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட சிலுவையும், கோட்டயம் வலிய பள்ளியிலுள்ள சிலுவைகளும் பஹ்லவி எழுத்துகளை உடையவை. எழுத்தில்லாத சிலுவையொன்று இலங்கையின் அனுராதபுரத்திலும் கிடைத்துள்ளது. இவற்றில் இயேசுவின் உடல் செதுக்கப்படவில்லை. சிலுவையின் முனைகள் அரும்புகளாக மலர்கின்றன. அடியில் இலைகள் விரிகின்றன. கேரளத்துச் சிலுவைகளின் மேலே புறா ஒன்று இறங்குகிறது. கொலைக்கருவியாய் இருந்த மரம் தளிர்த்துவிட்டது என்பதே அச்சிற்பத்தின் கருத்தெனச் சுரியானி மரபினர் விளக்குவர். பிற்காலத்தில் மேனாட்டார் கொண்டுவந்த பாடுபட்ட சுரூபமும் இப்பூத்த சிலுவையும் ஒரே செய்தியின் இரு பகுதிகள். முன்னது வெள்ளிக்கிழமையைக் காட்டுகிறது; பின்னது ஞாயிற்றுக்கிழமையைக் காட்டுகிறது.

போர்த்துக்கீசியர் 1500-ஆம் ஆண்டு கொச்சியில் வந்திறங்கினர். அவர்தம் வருகையால் இத்துறைக்கும் தமிழ்க் கடற்கரைக்கும் புதியதோர் உறவு ஏற்பட்டது. முத்துக்குளிப்பு உரிமை பற்றி எழுந்த பூசலில் துணைதேடி, 1535-ஐ அடுத்த காலத்தில், பரதவர் தூதுக்குழு ஒன்று கொச்சிக்கு வந்தது. வந்தவர் இங்கே திருமுழுக்குப் பெற்றனர். பின்னர்க் கொச்சியிலிருந்து குருமார் சென்று முத்துக்குளித்துறை ஊர்களில் பல்லாயிரவர்க்குத் திருமுழுக்களித்தனர். அரசியல் தேவை பற்றி வந்த இம்மாற்றம் நெஞ்சில் வேரூன்ற வேண்டுமாயின், சமயக் கருத்துகள் தமிழில் அமைதல் வேண்டும். 1542-இல் வந்த பிரான்சிஸ் சேவியர், தமிழறிந்தோர் துணைகொண்டு விசுவாச அறிக்கையையும் செபங்களையும் தமிழாக்கி ஊர்தோறும் கற்பித்தார். அவருக்குப்பின் வந்த அன்றீக்கே அடிகளார் தமிழை முறையாகப் பயின்றார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அதன்பின் வினாவிடை வடிவிலமைந்த 'கிரிசித்தியானி வணக்கம்' 1579-ஆம் ஆண்டில் இக்கொச்சியிலேயே அச்சேறியது. மரித்தோர் எழுவர் என்னும் கோட்பாட்டைத் தன்னுட் கொண்ட கிறிஸ்தவ விசுவாச அறிக்கை, தமிழ் எழுத்தில் அச்சு வடிவம் பெற்ற ஊர்களுள் கொச்சியும் ஒன்று என்பது தமிழராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

கொச்சியின் சமய வரலாற்றில் ஒற்றுமை மட்டுமே இருந்ததென எண்ணிவிடலாகாது. தோமையார் வழிக் கிறிஸ்தவர், பாரசீக, மெசப்பொத்தாமிய நாடுகளிலிருந்து ஆயர்களைப் பெற்றுச் சுரியானி மொழியில் வழிபட்டு வந்தனர். அவர்களைத் தம் முறைக்குள் கொண்டுவரப் போர்த்துக்கீசியர் முனைந்தனர். 1599-ஆம் ஆண்டில் கோவாப் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம், பழைய வழக்கங்கள் பலவற்றை மாற்றிற்று. சுரியானி நூல்கள் பல தீக்கிரையாயின. அரை நூற்றாண்டுக் காலம் உள்ளே கனன்ற மனக்குறை 1653-இல் வெளிப்பட்டது.

அகத்தல்லா என்னும் கீழ்நாட்டு ஆயர் 1652-இல் மயிலாப்பூருக்கு வந்தார். போர்த்துக்கீசியர் அவரைத் தடுத்து வைத்துக் கப்பலேற்றிக் கோவாவிற்கு அனுப்பினர். கப்பல் கொச்சியை அடைந்தபோது, தம் ஆயரைக் காணவேண்டுமெனக் கிறிஸ்தவர் திரண்டு வந்து மன்றாடினர், இசைவு கிடைக்கவில்லை. அவர் கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்ற வதந்தி பரவிற்று. அவர் அவ்வாறு இறக்கவில்லை, ஐரோப்பாவிற்கு அனுப்பப்பட்டார் என்பதே பிற்கால ஆய்வாளர் பலரின் முடிவு. ஆயினும் அன்று கரையில் நின்ற மக்கள் தம் தந்தை கொலையுண்டார் என்றே நம்பினர்.

1653 சனவரித் திங்கள் 3-ஆம் நாள் அவர்கள் மட்டாஞ்சேரியில் ஒன்றுகூடி, இனிச் சேசு சபையாருக்கும் அவர்தம் பேராயருக்கும் அடங்குவதில்லை என்று சூளுரைத்தனர். அச்சூளுரை நிகழ்ந்த ஆலயம் ஜீவமாதா, அதாவது உயிரின் அன்னை, என்னும் பெயருடையது. சிலுவையைத் தொட்டு ஆணையிட விரும்பியோர் கூட்டம் அளவிறந்திருந்தமையால், அதிற் கயிறுகளைக் கட்டி, கயிற்றைப் பற்றியவாறே அனைவரும் ஆணையிட்டனர் என்றும், இழுப்பின் மிகுதியால் சிலுவை வளைந்தது என்றும் மரபு கூறும். அதுபற்றியே அதனைக் 'கூனன் குரிசு' என்பர். தோமையார் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினார். அவர் வழியினர் கையெட்டாத இடத்தில் கயிறு நீட்டினர்.

இப்பிளவு பின்னர் ஆறவில்லை. அவ்வாண்டே மேத் திங்களில் ஆலங்காட்டில் பன்னிரு குருமார் கூடித் தம் தலைவர் தோமாவை ஆயராக்கினர். உரோமையிலிருந்து வந்த கார்மேல் சபையாரின் முயற்சியால் பலர் கத்தோலிக்க உறவுக்கு மீண்டனர். எஞ்சியோரிடம் 1665-இல் எருசலேமிலிருந்து மார் கிரிகோரியோஸ் வந்து சேர்ந்தார். பழைய கூட்டத்தார், புதிய கூட்டத்தார் எனச் சமுதாயம் இரண்டாயிற்று, பின்னும் பலவாயிற்று. அதிகாரம் யாருக்கு, வழிபாடு எம்முறையில், ஆலயம் யாருடையது என்று அவர்கள் வழக்காடினர். ஆனால் இயேசு உயிர்த்தார் என்பதிலோ, தம் மூதாதையர் உயிர்த்தெழுவர் என்பதிலோ இருதரப்பாருக்கும் எள்ளளவும் கருத்து வேற்றுமை எழவில்லை. இது நமக்கு மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவதாகும். சாவை வெல்லலாம் என்று ஒருமனதாய் நம்பியவர்கள் தம்முள் எழுந்த சினத்தை வெல்லுதல் அரிதாயிற்று. நம்பிக்கை ஒருவனுக்குத் துணிவைத் தரலாம். அன்பை அவனே முயன்று வளர்த்தல் வேண்டும்.

1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். கத்தோலிக்க ஆலயங்கள் பல இடிக்கப்பட்டன. பிரான்சிஸ் ஆலயம் சீர்திருத்த சபையின் கோவிலாயிற்று. சாந்தா குரூஸ் பேராலயம் படைக்கலக் கொட்டிலாயிற்று. 1795-இல் ஆங்கிலேயர் வந்து அப்பேராலயத்தை இடித்தனர். ஏறத்தாழ நூறாண்டு சென்றபின் புதிய பேராலயம் எழும்பி, 1905-இல் நேர்ந்தளிக்கப்பட்டது. பழைய ஆலயத்தின் கருங்கல் தூண் ஒன்று அதன் வளாகத்தில் இன்றும் உள்ளது. கடலோரத்தில் 1724-ஆம் ஆண்டு முதல் டச்சுக்காரரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டமும் உள்ளது. மலையாளிகளும் தமிழரும் இடுகாட்டைச் 'செமித்தேரி' என்று வழங்குவர். போர்த்துக்கீசிய மொழி வழியே வந்த இச்சொல்லின் கிரேக்க மூலத்திற்கு உறங்குமிடம் என்பது பொருள். மட்டாஞ்சேரி யூதரோ, தம் இன மரபின்படி இடுகாட்டை 'உயிர் வீடு' என்பர். 1948-இல் இஸ்ரேல் நாடு அமைந்தபின் அவருட் பெரும்பாலோர் அங்குச் சென்றுவிட, தெரு வெறுமையாயிற்று. உயிர் வீடு மட்டும் இங்கே நிலைத்திருக்கிறது.

நூல்களிலும் கற்களிலும் காணும் இந்நம்பிக்கையை வீடுகளில் இன்னும் தெளிவாகக் காணலாம். சுரியானிக் கிறிஸ்தவர் ஐம்பது நாள் நோன்பிருந்து, பெரிய வியாழனன்று இரவில் புளிப்பில்லாத பெசகா அப்பம் செய்வர். குருத்தோலைத் துண்டால் அதன்மேற் சிலுவையிட்டு, குடும்பத் தலைவர் அதனைப் பிட்டுப் பாலோடு வழங்குவார். யூதரின் பாஸ்கா விருந்தின் சாயல் இதிலுண்டு என்பர் அறிஞர். அவ்வாண்டில் சாவு நேர்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அண்டை வீட்டாரும் உறவினரும் தாம் செய்ததைக் கொண்டுவந்து தருவர். துயருற்றவன் தானே நம்பிக்கையை உண்டாக்கிக்கொள்ள இயலாத காலத்தில், அடுத்த வீட்டார் அதனைக் கையில் ஏந்தி வருகின்றனர். இரண்டு நாள் கழித்து, ஞாயிறு புலருமுன் இருளிலேயே அனைவரும் ஆலயத்தில் கூடி உயிர்ப்பைக் கொண்டாடுவர். கிறிஸ்து கீழ்த்திசையிலிருந்து மீண்டும் வருவார் என்னும் நம்பிக்கையால் அவர்கள் கிழக்கு நோக்கியே வழிபடுவர்.

கடற்கரையில் வாழும் இலத்தீன் முறைக் கிறிஸ்தவருள் மீனவர் பலர். கடலுக்குச் சென்று மீளாதவனுக்குக் கல்லறை இல்லை. அவன் மனைவி மலர் வைக்கவும் ஓரிடம் இல்லை. கடலும் தன்னகத்துள்ள இறந்தோரை ஒருநாள் திருப்பித் தரும் என்று விவிலியத்தின் இறுதி நூல் கூறுவது, வலையோடும் படகோடும் வாழ்பவருக்கு வெறும் அணியுரையாகத் தோன்றாது. இழந்தவன் இறைவனால் மறக்கப்படவில்லை என்பதே அவர்கள் அதிற் காணும் ஆறுதல்.

உயிர்ப்பின் நம்பிக்கை உலக வாழ்வை வெறுக்கச் செய்யும் என்று சிலர் கருதுவர். கொச்சியின் வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. உயிர்த்த இயேசுவின் உடலில் காயத் தழும்புகள் மறையவில்லை. அவற்றைக் கொண்டே தோமையார் அவரை அறிந்தார். உடலும் உழைப்பும் உறவும் பட்ட துன்பமும் இறைவன் முன் பொருளுடையன என்று கற்பிக்கும் நம்பிக்கை இது. ஆகையால்தான் இம்மக்கள் இடிந்த ஆலயத்தை மீண்டும் கட்டினர். மாண்டவரைப் பெயர் சொல்லி நினைத்தனர். சாவு வீட்டிற்கு அப்பம் கொண்டு சென்றனர். பிரிந்து நின்ற சபையாரும் அவ்வப்பத்தை ஒருவருக்கொருவர் நீட்டக் கற்பாராயின், மட்டாஞ்சேரியில் கயிறு பற்றி நின்ற முன்னோரின் துயரத்திற்கு அதுவே தக்க ஆறுதலாகும்.