பாக்கெட்டில் கிடந்த கேசட்

கேசட் காலத்தில் வளர்ந்தவர்களின் கைக்கு ஒரு வேலை பழகிப்போயிருக்கும். ஒரு பக்கம் பாடி முடிந்து பட்டன் 'டக்'கென்று மேலே வந்ததும் மூடியைத் திறந்து, கேசட்டைத் திருப்பிப் போட்டு, மறுபடி அழுத்துவது. 1979-ல் ஜப்பானின் டீயாக் நிறுவனம் கொண்டுவந்த ஒரு கருவியிடம் அந்தப் பழக்கம் செல்லுபடியாகவில்லை. அதில் பதிந்த கேசட்டைத் திருப்பிப் போட்டால் பாட்டு வாலிலிருந்து தலைக்கு ஓடியது. கித்தாரின் ஒவ்வொரு மீட்டலும் யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல் கேட்டது. பாடியவர் புரியாத பாஷை பேசினார். பின்னாளில் பலர் இதையே வித்தையாக்கி, வேண்டுமென்றே கேசட்டைத் திருப்பிப் போட்டு வாசித்தார்கள் என்பது வேறு கதை.

கருவியின் பெயர் டீயாக் 144. கூடவே 'போர்ட்டாஸ்டூடியோ' என்று ஒரு செல்லப்பெயர். ஒலிப்பதிவுக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்று அந்தப் பெயர் சொன்னது. பெயரில் கொஞ்சம் பீற்றல் உண்டு. அதற்கு பேட்டரி கிடையாது. சுவரில் செருக வேண்டும். ஆனாலும் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருந்தது. நான்கு டிராக் ரெக்கார்டர் ஒன்றும், நான்கு மைக்குகளுக்கு இடமுள்ள மிக்ஸர் ஒன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருந்தன. விலை சுமார் ஆயிரம் டாலர். பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்த அன்று இரவே ஒரே ஆள் கித்தார், இரண்டாவது கித்தார், பாட்டு, பின்குரல் என நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவிட முடிந்தது.

இதன் சூட்சுமம் எளிமையானது. ஸ்டீரியோ கேசட்டின் நாடா அகலம் 3.81 மில்லிமீட்டர். அதற்குள் ஏற்கெனவே நான்கு கோடுகள், அதாவது டிராக்குகள், ஓடுகின்றன: ஒரு பக்கத்துக்கு இடதும் வலதும், திருப்பிப் போட்டால் மறுபக்கத்துக்கு இரண்டு. டீயாக் பொறியாளர்கள் நான்கு கோடுகளையும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் படிக்கும் ஹெட்டைப் பொருத்தினார்கள். நாடாவின் வேகத்தையும் இரட்டிப்பாக்கினார்கள், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்ந்த நாடா இதில் ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் நகர்ந்தது. வேகம் கூடினால் ஒலியின் தெளிவு கூடும், நாடா சீக்கிரம் தீரும். பக்கமும் ஒன்று, வேகமும் இரட்டிப்பு என்றானபின், 60 நிமிடக் கேசட்டில் மிஞ்சியது 15 நிமிடம். நாலு பாட்டு எடுத்தால் கேசட் காலி.

ஒரே ஆள் பல ஆட்களாக வாசிக்கும் ஆசை இதற்கு வெகுகாலம் முந்தியது. அமெரிக்கக் கித்தார் கலைஞர் லெஸ் பால் 1940-களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டில் தன் வீட்டு கராஜில் உட்கார்ந்து, இசைத்தட்டிலிருந்து இசைத்தட்டுக்கு மாற்றி மாற்றிப் பதிந்து அதைச் சாதித்தார். ஒன்றை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் புதிய தட்டில் வெட்டுவது. ஏழாவது அடுக்கில் கை தவறினால் முதல் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டும். மனிதரின் பொறுமை அபாரம். பிறகு டேப் வந்தது. ஆனால் டேப்பிலும் ஒரு சிக்கல். பதியும் ஹெட் ஓரிடத்தில், கேட்கும் ஹெட் சற்றுத் தள்ளி. பழைய டிராக்கைக் கேட்டுக்கொண்டே புதியதைப் பதிந்தால், அந்தச் சிறு இடைவெளியின் அளவுக்குப் புதிய ஒலி தாளத்தைத் தவறவிடும். ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ராஸ் ஸ்னைடர் இதற்கு வழி கண்டார். பதியும் ஹெட்டையே தற்காலிகமாகக் கேட்கும் ஹெட்டாகவும் பயன்படுத்தினால் இடைவெளியே இல்லை. அந்த உத்தியோடு கட்டப்பட்ட எட்டு டிராக் எந்திரம் 1957-ல் லெஸ் பால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. விலை 10,000 டாலர். வீட்டில் பதிவது சாத்தியம்தான், ஆனால் அந்த வீடு லெஸ் பாலின் வீடாக இருக்க வேண்டும்.

1969-ன் இறுதியில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி லண்டன் வீட்டில் தன் முதல் தனி ஆல்பத்தைத் தொடங்கியபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஸ்டூடர் நான்கு டிராக் எந்திரம் ஒன்றை வீட்டில் இறக்கிவைத்து, மிக்ஸர்கூட இல்லாமல் மைக்கை நேராக அதில் செருகிப் பாடினார். பீட்டில்ஸ் 1967-ல் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தை எடுத்ததும் நான்கு டிராக் ஸ்டூடர்களில்தான். அவற்றின் நாடா ஒரு அங்குல அகலம். நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். எண்ணிக்கையில் போர்ட்டாஸ்டூடியோவுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை, அங்கேயும் நாலு, இங்கேயும் நாலு. நாடாவின் பரப்பை வைத்துப் பார்த்தாலோ யானைக்கும் பூனைக்கும் உள்ள தூரம். விளம்பரம் படித்துவிட்டு வாங்கியவர்களின் முதல் ஏமாற்றம் இங்கேதான் இருந்தது.

அந்த ஏமாற்றத்தின் பெயர் இரைச்சல். நாடா எத்தனைக்கெத்தனை குறுகலோ அத்தனைக்கத்தனை 'ஸ்ஸ்' என்ற ஒலி மேலெழும். டால்பி சுற்று ஒன்று அதை அமுக்கப் பார்த்தது, முழுதாக அமுங்கவில்லை. நான்கு டிராக் போதாதவர்கள் இன்னொரு தந்திரம் செய்தார்கள். மூன்றில் பதிந்ததைக் கலந்து நான்காவதற்கு மாற்றிவிட்டு, காலியான மூன்றிலும் மறுபடி பதிவார்கள். இதற்குப் 'பிங்-பாங்' என்று பெயர். இப்படிப் பத்துக் கருவிகள் வரை அடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் இரைச்சல் ஏறும், மேல்ஸ்தாயி மங்கும். கலந்தது கலந்ததுதான்; மூன்று வாரம் கழித்து, டிரம்ஸ் சத்தம் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றினால் ஒன்றும் செய்வதற்கில்லை. முன்கூட்டியே முடிவெடுக்கும் கட்டாயத்தை இந்தப் பெட்டி வீட்டு இசைக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. இன்றைய கணினிகள் கற்றுக்கொடுக்காத பாடம் அது.

தயாரித்தவர்களின் எண்ணமும் அடக்கமானதே. மனதில் தோன்றும் பாட்டைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப்புத்தகம். அசல் பதிவு பிறகு பெரிய ஸ்டூடியோவில் நடக்கும். 1982 ஜனவரி 3-ம் தேதி நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில், வாடகை வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்த அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனும் அப்படித்தான் நினைத்தார். பாடல்களின் நகலை இசைக்குழுவினரிடம் கொடுத்து ஒத்திகை பார்ப்பது அவர் திட்டம். கித்தார்களைப் பராமரிக்கும் உதவியாளர் மைக் பேட்லன் ஒரு டீயாக் 144-ஐ வாங்கிவந்து பொருத்தினார். சாதாரண ஷூர் எஸ்எம்57 மைக்குகள் இரண்டு. அக்கூஸ்டிக் கித்தாரும் பாட்டும் முதலில். மவுத் ஆர்கன், இன்னொரு குரல் போன்றவை மேலடுக்கில். பெரும்பாலான பாடல்கள் அந்த ஒரே நாளில் பதிவாகிவிட்டன. நான்கு டிராக்கையும் எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாகப் பாய்ச்சி, பழைய பேனசோனிக் டேப் ரெக்கார்டர் ஒன்றில் இரண்டு டிராக்காக இறக்கினார்கள். இறக்கிய அந்தக் கேசட்டை ஸ்ப்ரிங்ஸ்டீன் உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் திரிந்தார்.

பிறகு இசைக்குழு நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் கூடியது. எந்திரங்கள் பிரமாதம், வாசித்தவர்கள் கைதேர்ந்தவர்கள். பாடல்கள்தான் வரவில்லை. எல்லாமே என்று சொல்லிவிடவும் முடியாது. அதே கேசட்டில் இருந்த 'பார்ன் இன் தி யுஎஸ்ஏ' குழுவின் கையில் வேறு அவதாரம் எடுத்து உலகைச் சுற்றியது. ஆனால் கொலையாளிகளும் வேலையிழந்தவர்களும் இரவு நெடுஞ்சாலைகளும் நிறைந்த மற்றப் பாடல்கள், டிரம்ஸ் சேர்ந்ததும் உயிரை விட்டன. கடைசியில் எடுத்த முடிவு விசித்திரமானது: பாக்கெட்டில் கிடந்த கேசட்டையே வெளியிட்டுவிடுவது.

சொல்வது சுலபம். அந்தக் கேசட்டின் ஒலியை இசைத்தட்டில் வெட்டுவது பெரும்பாடாகிவிட்டது. எந்திரங்களை மாற்றி, ஆட்களை மாற்றி முயன்று, ஒலி அளவைக் குறைத்துத்தான் கடைசியில் வெட்ட முடிந்தது. 'நெப்ராஸ்கா' என்ற அந்த ஆல்பம் 1982 செப்டம்பர் 30-ல் வெளிவந்து, அமெரிக்க ஆல்பப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. குழுவோடு முயன்று கைவிட்ட பதிவுகளோ வதந்தியாகவே நாற்பது வருடங்களுக்கு மேல் உலவி, 2025-ல்தான் வெளியாயின. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், படுக்கையறைப் பதிவின் இரைச்சல் குறையாகவே தோன்றவில்லை. பாடுகிறவர் இருக்கும் அறையின் காற்று அது.

இந்த ஆல்பத்தால் போர்ட்டாஸ்டூடியோவின் விற்பனை எகிறியது என்று சொல்லும் ஆசை எவருக்கும் வரும். அது ஒரு பக்கக் கதைதான். போட்டியாளர்கள் ஏற்கெனவே கிளம்பியிருந்தார்கள். 1983-ல் வந்த ஃபாஸ்டெக்ஸ் எக்ஸ்-15 பேட்டரியிலும் ஓடியது, 500 டாலருக்குள் கிடைத்தது. அதற்காகச் சாதாரண வேகத்துக்கு இறங்கிக்கொண்டது. டீயாக்கின் டாஸ்காம் பிரிவு 1984-ல் போர்ட்டா ஒன் என்ற இளைய பிள்ளையைப் பெற்றது. யமஹாவும் வந்து சேர்ந்தது. ஜெராக்ஸ் போல, எந்தக் கம்பெனி எந்திரமானாலும் ஆட்கள் அதைப் போர்ட்டாஸ்டூடியோ என்றே அழைத்தார்கள்.

விலை இறங்க இறங்க, நோட்டுப்புத்தகமே நூலாகும் வழக்கம் பெருகியது. இங்கிலாந்துப் பாடகி பி.ஜே. ஹார்வி 1993-ல் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியின் கைவண்ணத்தில் 'ரிட் ஆஃப் மீ' வெளியிட்டார். அதே வருடம் அக்டோபரில், அந்தப் பாடல்கள் பலவற்றின் வீட்டுப் பதிவுகளை '4-டிராக் டெமோஸ்' என்ற பெயரிலேயே வெளியிட்டார். ஸ்டூடியோப் பதிவைவிட இதுதான் உறைக்கிறது என்று வாதாடும் ரசிகர்கள் இன்றும் உண்டு. ஓஹையோவின் டேட்டன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ராபர்ட் பொல்லார்டின் 'கைடட் பை வாய்சஸ்' குழு, 1994-ல் 'பீ தௌசண்ட்' ஆல்பத்தை நான்கு டிராக் எந்திரங்களில் எடுத்தது. பாதிப் பாடல்கள் தொடங்கிய வேகத்தில் முடிந்துவிடும். இரைச்சலை மறைக்க முயலாத இந்தக் கூட்டத்துக்கு 'லோ-ஃபை' என்ற பட்டம் கிடைத்தது.

ஹூஸ்டனில் நடந்தது இன்னும் சுவையானது. இந்த எந்திரங்களில் வேகத்தைச் சற்றுக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் உண்டு. சுருதி இறங்கிப்போன பியானோவோடு பழைய டிராக்கை ஒத்துப்போகச் செய்வது போன்ற சில்லறை வேலைக்காக வைத்தது. 1990-களில் டிஜே ஸ்க்ரூ அந்தக் குமிழைக் கீழே திருகி, ராப் பாடல்களை ஆமை வேகத்துக்கு இறக்கிக் கேசட் கேசட்டாக விற்றார். குரல்கள் பாதாளத்திலிருந்து வந்தன. ஒரு நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது அந்த ஒலி.

மிச்சம் வேகமாக நடந்து முடிந்தது. 1996-ல் நான்கு டிராக் மினிடிஸ்க் கருவிகளும், ஹார்ட் டிஸ்கில் எட்டு டிராக் பதியும் ரோலண்ட் வி.எஸ்.-880-யும் வந்தன. 2004-ல் ஆப்பிள் தன் கணினிகளுக்கு கேரேஜ்பேண்ட் கொடுத்தது. டிராக் எண்ணிக்கை என்பதே பேச்சாக இல்லாமல் போயிற்று. உள்ளங்கையில் அடங்கும் டாஸ்காம் ரெக்கார்டர்கள் மெமரி கார்டில் பதிகின்றன, பேட்டரியில் ஓடுகின்றன. 1979-ன் பெயருக்கு இப்போதுதான் நியாயம் கிடைத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பழைய பெட்டிகளுக்கும் தேவை தீர்ந்துவிடவில்லை. 1980-களில் அதில் பதிந்த கேசட்டுகள் எத்தனையோ வீடுகளின் இழுப்பறைகளில் கிடக்கின்றன. அவற்றைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டால் முதல் இரண்டு டிராக்குகள் மட்டும் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி இறங்கி முனகும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் தலைகீழாக ஓடும். இரைச்சலை அடக்க டால்பிக்குப் பதிலாக டிபிஎக்ஸ் சுற்று கொண்ட பிந்தைய மாடலில் பதிந்ததாக இருந்தால், அதே வகைச் சுற்றில்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒலி கோணிப்போகும். இருபது வயதில் பாடிய பாட்டைக் கேட்க விரும்பும் அறுபது வயதுக்காரர் முதலில் ஒரு டீயாக்கைத் தேட வேண்டும். கிடைத்த எந்திரத்தின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், பல சமயம் உள்ளே ரப்பர் பெல்ட் பிசினாய் உருகிக் கப்பியில் ஒட்டிக்கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புதிய பெல்ட்டை மாட்டிய பிறகுதான் கேசட்டை உள்ளே வைக்கலாம்.