வயிறு தெரியாத படங்கள்

திண்டுக்கல் பக்கத்து வீடுகளில் பழைய வளைகாப்புப் படங்கள் இன்னும் தொங்குகின்றன. ஸ்டுடியோவில் முதுகுக்குப் பின்னே நிலைக்கண்ணாடி, அதில் பூ தைத்த சடை, முன்னே கை நிறைய வளையல். வயிறு முந்தானைக்குள். புருஷன் அநேகமாகப் படத்தில் இல்லை. 'புள்ளத்தாச்சியப் படம் எடுத்தா கண்ணு பட்டுரும்' என்ற பயத்தோடு காமிரா செய்துகொண்ட சமரசம் அது.

1991 ஆகஸ்டு 'வேனிட்டி ஃபேர்' அட்டையில் டெமி மூரின் ஏழு மாத வயிற்றை ஆனி லீபோவிட்ஸ் மூடாமல் காட்டியபோது, அமெரிக்கக் கடைகள் சில அதை உறைபோட்டு விற்றன. இன்று நம்மூர்த் தம்பதிகள் சிறுமலை அடிவாரத்தில் நின்று, வயிற்றில் கைவைத்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள். புருஷனும் வந்துவிட்டான். மறைத்தது போய்க் காட்டுவது வந்ததாலேயே விடுதலை என்று சொல்லிவிட முடியுமா?

நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன்னே மல்லிகை பறிக்கிறவர்கள் வயிற்றுப்பிள்ளையோடும் வெட்டவெளியில்தான் நிற்கிறார்கள். சடையில் தைத்த பூ அவர்கள் பறித்தது. அந்த வயிற்றை யாரும் மறைக்கச் சொல்லவில்லை; படமெடுக்கவும் வரவில்லை. 1987இல் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 300 ரூபாய் உதவி வந்தபோது அவர்கள் பதிவேட்டில் ஏறினார்கள். 2018இல் அந்தத் தொகை 18,000 ஆனது. ஒரு தாய்மை ஆல்பத்துக்கும் இன்னொன்று பதிவேட்டுக்கும் போவதை யார் தீர்மானித்தது?