எரித்த ஏடுகளும் எஞ்சிய பிரதிகளும்

ரொறன்ரோவில் காலை, எனக்கு இங்கே பலெர்மோவில் பிற்பகல், சிட்னியில் இருப்பவர்களுக்கு உறங்கப்போகும் நேரம்.

நான் தொழிலால் தாதி. இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவின் தலைநகரில் வாழ்கிறேன். இந்த உரைத் தொடரில் பெரும்பாலும் அரசர்களையும் போர்களையும் பற்றிக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்டது, உங்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் இந்த நிமிடம் இருக்கிற ஒரு சின்னஞ்சிறு எழுத்துத் துணுக்கின் வரலாறு. அதன் பெயர் குக்கீ.

ஓர் இணையத்தளத்தைத் திறந்ததும் பாதித் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வருகிறது அல்லவா? எங்கள் ஊரில் அதில் ‘அச்செத்தா’ என்றும் ‘ரிஃபியூத்தா’ என்றும் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஏற்றுக்கொள், மறு. இத்தாலிய மொழி சரளமாக வராத நம்மவர்கள் பெட்டி தொலைந்தால் போதும் என்று முதலாவதை அழுத்துவார்கள். மொழி நன்றாக வருகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் முப்பது ஆண்டுக் கதை இருக்கிறது. அதற்கும் பின்னால், நான் வாழும் நகரத்தில், முந்நூறு ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது.

முதலில் முப்பது ஆண்டுக் கதை. இணையத்துக்குத் தொடக்கத்தில் ஞாபகமே இல்லை. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்பீர்கள், அது வரும். அடுத்த பக்கத்தைக் கேட்டால், முன்பு கேட்டவரும் நீங்கள்தான் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது. கடை வைத்தவர்களுக்கு இது தொல்லை. கூடையில் ஒரு புத்தகத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலி. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். தளம் உங்கள் உலாவியிடம் ஒரு சிறு குறிப்பைக் கொடுத்துவைக்கும். அடுத்த முறை நீங்கள் வரும்போது உலாவி அதை எடுத்து நீட்டும். யுனிக்ஸ் கணினிக்காரர்கள் இப்படிப்பட்ட அடையாளத் துணுக்கை ‘மேஜிக் குக்கீ’ என்று அழைத்துவந்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது.

நம் ஊர் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மேசையில் இலக்கம் எழுதிய துண்டு ஒன்று தருவார்கள். வைத்தியரின் அறை, இரத்தப் பரிசோதனை, மருந்து கொடுக்கும் இடம் என்று எங்கு போனாலும் அந்தத் துண்டை நீட்டினால் போதும். குக்கீ அந்தத் துண்டுதான். மொன்டுல்லி ஒன்றில் கவனமாக இருந்தார். ஒவ்வோர் உலாவிக்கும் எல்லாத் தளங்களும் படிக்கக்கூடிய நிரந்தர இலக்கம் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. கொடுத்த தளத்துக்கு மட்டுமே குக்கீ திரும்பிப் போக வேண்டும் என்று வைத்தார். ஒரு ஆஸ்பத்திரியின் துண்டை இன்னோர் ஆஸ்பத்திரி வாசிக்க முடியாது.

ஆனால் ஒரு வாசல் திறந்து கிடந்தது. ஓர் இணையப் பக்கத்தில் எல்லாமே அந்தத் தளத்தின் கணினியிலிருந்து வருவதில்லை. விளம்பரப் படம் வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வரலாம். அப்படி வரும்போது அந்த நிறுவனமும் தன் துண்டை உங்கள் கையில் திணித்துவிடுகிறது. 1996-இல் தொடங்கிய டபிள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான தளங்களில் படம் வைத்தன. ஊரிலுள்ள ஒவ்வொரு கடையின் மூலையிலும் ஒரே ஆள் உட்கார்ந்து, உங்கள் துண்டின் இலக்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வதற்குச் சமம் அது. பிறகு கண்ணுக்கே தெரியாத ஒற்றைப் புள்ளிப் படங்கள் வந்தன. துண்டே கொடுக்காமல், திரையின் அளவு, எழுத்துரு, மொழி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து ஆளை அடையாளம் காணும் முறையும் வந்தது. கைரேகை எடுப்பது என்று அதற்குப் பெயர்.

ஆபத்து தெரியாமல் நடந்ததல்ல இது. 1997 பெப்ரவரியில் இணையத் தரநிலைகளை வகுப்போர் வெளியிட்ட முதல் குக்கீ ஆவணமே, இப்படிப்பட்ட மூன்றாம் தரப்புத் துண்டுகளை உலாவிகள் தாமாக ஏற்கக் கூடாது என்றது. அன்றைய பெரிய உலாவிகள் இரண்டும் அதைப் பின்பற்றவில்லை. விளம்பரப் பணம் அப்போதே பேசத் தொடங்கிவிட்டது. 2008-இல் கூகுள் டபிள்கிளிக்கை வாங்கி முடித்தது. விலை 310 கோடி டொலர்.

“வைத்திருந்தால் என்ன, என் பெயர்கூட அதில் இல்லையே?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இதற்கு நான் பதில் தேடிய இடம் பலெர்மோவின் பியாத்சா மரீனா சதுக்கம். அங்கே ஸ்தேரி என்ற 14-ஆம் நூற்றாண்டு மாளிகை இருக்கிறது. இன்று பல்கலைக்கழகத்தின் தலைமையகம். முன்பு அது ஸ்பானிய மதவிசாரணை மன்றத்தின் இருப்பிடமாகவும் சிறையாகவும் இருந்தது. அந்த மன்றம் சிசிலிக்கு வந்தது 1487-இல், கலைக்கப்பட்டது 1782-இல். சிறைச் சுவர்களில் கைதிகள் செங்கல் தூளாலும் கரியாலும் வரைந்த புனிதர்களும் எழுதிய வரிகளும் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தன. 1906-இல் நாட்டாரியல் அறிஞர் ஜுசெப்பே பித்ரே அவற்றை வெளிக்கொணர்ந்தார். இன்று அனுமதிச்சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்கலாம். நான் கிறிஸ்தவள். என் மதத்தின் பெயரால் நடந்தது என்பதால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த மன்றத்தின் பலம் சித்திரவதையில் மட்டும் இருக்கவில்லை. அது ஏட்டில் இருந்தது. யார் யாரோடு பேசினார், வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டார், எந்தப் புத்தகத்தை வைத்திருந்தார் என்றெல்லாம் அயலவர் சொன்னது எழுதிவைக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாட்சியின் பெயர் சொல்லப்படாது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவும் முடியாது. சின்னச் சின்ன விவரங்கள்தான். ஒன்றாகச் சேர்த்து வைத்தபோது ஒரு ஆளின் உள்மனம் அங்கே விரிந்தது.

மன்றம் கலைக்கப்பட்ட மறு ஆண்டு, 1783-இல், அரசப் பிரதிநிதி தொமேனிக்கோ கராச்சோலோ அதன் ஆவணங்களை எரிக்கச் செய்தார். பலெர்மோவில் எத்தனையோ குடும்பங்கள் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. வழக்குகளின் சுருக்கங்கள் அவ்வப்போது ஸ்பெயினிலுள்ள தலைமை மன்றத்துக்கு அனுப்பப்பட்டிருந்தன. அவை மத்ரித் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. வரலாற்றாசிரியர்கள் சிசிலிக் கைதிகளைத் தேடி அங்கேதான் போகிறார்கள். இங்கே எரித்தார்கள், அங்கே பிரதி இருந்தது. கைப்பேசியில் குக்கீகளை அழித்துவிட்டு நாம் விடுகிற பெருமூச்சும் ஏறக்குறைய இதே வகை. அழிவது நம் கையிலிருந்த துண்டு. துண்டின் இலக்கத்துக்கு எதிரே எழுதப்பட்ட ஏடு வேறெங்கோ இருக்கிறது.

எழுதியவரின் நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், பிறகு அதைத் திறக்கப்போகிறவர் யார் என்பது எழுதும்போது தெரியாது. இதை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்ததைக் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வாக்குரிமைக்காக எழுதிய பட்டியல் அது. இதே இத்தாலியில் 1938 ஆகஸ்டில் யூதர்களை எண்ணிக் கணக்கெடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நாடுகடத்த வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு உதவியது.

விளம்பர நிறுவனம் கும்பலல்ல. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் ஒரே இலக்கத்தின் கீழ் என்னென்ன சேர்கின்றன என்று பாருங்கள். சிறுநீரக நோய்க்கு எந்த மருந்து என்று ஒரு தேடல். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வழக்கறிஞர் தேடி இன்னொன்று. பெல்லெக்ரீனோ மலையிலுள்ள சாந்தா ரொசாலியா குகைக் கோவிலுக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்று வேறொன்று. நடுவில் ஒரு தமிழ்ச் செய்தித் தளம். பெயர் இல்லாமலே நோய், நாட்டுரிமை நிலை, மதவழக்கம், இனம் நான்கும் தெரிந்துவிட்டன. ஐரோப்பியச் சட்டம் இனம், மதம், உடல்நலம் பற்றிய விவரங்களைத் தனியாக எடுத்து, மேலதிகப் பாதுகாப்புக்கு உரியவை என்று வைத்திருப்பது இதனால்தான்.

இத்தாலியில் இந்தச் சட்டச் சிந்தனைக்கு ஒரு முகம் உண்டு. 1996 டிசம்பர் 31-இல் நிறைவேறிய தனிநபர் தரவுச் சட்டத்தின் கீழ் உருவான, ‘காரான்தே’ எனப்படும் மேற்பார்வை அமைப்பின் முதல் தலைவர் ஸ்தெஃபானோ ரொதோதா. தெற்கே கொசென்சாவில் பிறந்த சட்ட அறிஞர். அதே அமைப்பு 2021 ஜூனில் குக்கீகளுக்கு விதிகள் வகுத்தது. பக்கத்தைக் கீழே நகர்த்தியதைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. பெட்டியின் மேல்மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்க வேண்டும், அதை அழுத்தி மூடினால் கண்காணிப்பு இல்லாமலே உள்ளே போகலாம். மறுத்தவரிடம் ஆறு மாதத்துக்குப் பொதுவாக மறுபடி கேட்கக் கூடாது. பிரான்சின் மேற்பார்வை அமைப்போ 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் அறிவித்தது. காரணம், ஏற்க ஓர் அழுத்தம் போதுமாக இருந்தது, மறுக்கப் பல அழுத்தங்கள் தேவைப்பட்டன.

ஒரு தாதியாக என்னை யோசிக்கவைத்தது வேறொன்று. 2018-இல் நான்கு மாத இடைவெளியில் இங்கே இரண்டு சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஜனவரி 31-இல் மருத்துவச் சம்மதம் பற்றிய 219-ஆம் இலக்கச் சட்டம். மே 25-இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி. இரண்டும் ஒரே சொல்லில் நிற்கின்றன: சம்மதம். மருத்துவச் சட்டம், நோயாளியோடு பேசுகிற நேரமும் சிகிச்சை நேரமே என்கிறது. அதாவது, சத்திரசிகிச்சைக்கு முன் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதமாகாது. உட்கார்ந்து, அவருக்குப் புரியும் சொல்லில் விளக்கி, வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுத்த பிறகு வருவதுதான் சம்மதம். தரவு விதியும் இதையே கேட்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். எழுதியதைக் காட்டு என்று கேட்கலாம், அழி என்றும் கேட்கலாம். ஸ்தேரி மாளிகைக் கைதிக்கு இல்லாத உரிமைகள் இவை. மத்ரித்தில் இருக்கும் பிரதியையும் சேர்த்துக் கேட்கிற உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் மட்டும் போதாது என்பதும் உண்மை. மூன்றாம் தரப்புக் குக்கீகளை ஒழித்துவிடுவதாக 2020-இல் அறிவித்த கூகுள், தேதியைத் தள்ளித் தள்ளி, 2024-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. சஃபாரி 2020-இலேயே அவற்றை முற்றாகத் தடுத்துவிட்டது. ஆகவே எந்த உலாவியைத் திறக்கிறோம் என்பதிலும் ஒரு தெரிவு இருக்கிறது.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை அம்மாவின் கைப்பேசியில் அந்தப் பெட்டி வந்தால், அவசரமாக வாங்கி நீங்களே ஏற்று அழுத்திக் கொடுக்காதீர்கள். “இவர்கள் உங்களைப் பின்தொடர்ந்து எழுதிவைக்கக் கேட்கிறார்கள், வேண்டாம் என்றும் சொல்லலாம்” என்று தமிழில் சொல்லுங்கள். அரை நிமிடம் ஆகும். அவர் என்ன முடிவெடுக்கிறார் என்பது அவருடைய விருப்பம். யாரோ ஒருவர் அவரிடம் ஒழுங்காகக் கேட்டிருப்பார்கள்.