வெறுஞ்சிலுவையும் பாடுபட்ட சுரூபமும்: ஒரு வரலாற்று நோக்கு

இயேசுவின் திருவுடல் பொருந்திய சிலுவையைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘பாடுபட்ட சுரூபம்’ என வழங்குவர். உருவமில்லாததோ அனைவர்க்கும் ‘சிலுவை’யே. ‘சிலுவை’ சுரியானி மொழிவழி வந்த சொல். ‘குருசு’ போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. சுரூபம் கிறித்துவின் மரணத்தையும், வெறுஞ்சிலுவை அவரது உயிர்ப்பையும் குறிப்பன என்பதே இவ்விரண்டுக்கும் இன்று பரவலாகக் கூறப்படும் விளக்கம். இது வரலாற்றோடு எவ்வளவு தூரம் பொருந்துகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

உரோமப் பேரரசில் சிலுவையேற்றம் அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் விதிக்கப்பட்ட இழிதண்டனையாகும். கொன்சுதந்தீன் பேரரசன் காலமாகிய 4ஆம் நூற்றாண்டின் பின்னரே சிலுவை கிறித்தவரின் வெளிப்படையான வெற்றிச் சின்னமாயிற்று. உரோமிலுள்ள சாந்தா புதென்சியானா கோயிலில், ஏறத்தாழ கி.பி. 400ஐச் சேர்ந்த பதிகல் ஓவியத்தில், மணிகள் இழைத்த வெறுஞ்சிலுவை காணப்படுகின்றது. ஏறத்தாழ கி.பி. 430இல் அமைந்த சாந்தா சபீனா கோயிற் கதவில் அறையுண்ட கிறித்து செதுக்கப்பட்டுள்ளார். ஆயினும் அவர் கண்கள் திறந்துள்ளன. கி.பி. 586இல் எழுதப்பெற்ற சுரியானி இராபுலா நற்செய்தி ஏட்டிலும் அவர் உயிரோடேயே சிலுவையில் நிற்கின்றார். கண்மூடித் தலைசாய்ந்த உடலை ஆளுயரத்திற் காட்டும் கொலோன் நகரின் கேரோ சிலுவை 10ஆம் நூற்றாண்டுக்குரியது. எனவே, சிலுவையில் உருவம் இடம்பெற்ற பின்னரும், அவ்வுருவம் நெடுங்காலம் மரணத்தை மட்டுமே உணர்த்தவில்லை.

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் காலத்திலும் உயிர்ப்பு விவாதத்தின் மையமாக இருக்கவில்லை. 1524இல் சூரிச் நகரக் கோயில்களிலிருந்து உருவங்கள் அகற்றப்பட்டமைக்கு விக்கிரகங்களை விலக்கும் கட்டளையே காரணம். லூத்தரோ பாடுபட்ட உருவத்தை விலக்கவில்லை. விற்றன்பேர்க் நகரக் கோயிலில் 1547இல் நிறுவப்பட்ட கிரானாக்கின் பீட ஓவியத்தில், லூத்தர் சிலுவையில் தொங்கும் கிறித்துவைச் சுட்டிப் பிரசங்கிக்கின்றார். மறுபுறம், 1643இல் இலண்டன் சீப்சைட் தெருவின் சிலுவைத் தூணே இடிக்கப்பட்டது. கடுஞ்சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் உருவம் மட்டுமன்றிச் சிலுவையும் இல்லாதொழிந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே அது பரவலாக மீண்டது. ஆதலால், வெறுஞ்சிலுவைக்கு உயிர்ப்பைக் காரணமாகக் கூறுவது, வழக்கம் நிலைபெற்ற பின் அதற்கு ஏற்றப்பட்ட பொருளென்றே கொள்ளத்தகும்.

தமிழ்ச்சூழலும் இதற்குச் சான்று பகரும். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் கண்டெடுக்கப்பட்ட பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவையிலும், 1912இல் அநுராதபுரத்தில் வெளிப்பட்ட சிலுவையிலும் உருவமில்லை. இவை சீர்திருத்தத்துக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட கீழைத் திருச்சபை மரபின. யாழ்ப்பாணத்தை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து கோயில்களைத் தம் சபைக்கு உரியனவாக்கினர். 1687இல் யோசவ் வாசு அடிகள் மாறுவேடத்தில் வந்தே மறைந்திருந்த கத்தோலிக்கரைத் தேடவேண்டியிருந்தது. உருவங்களை விலக்கிய அதே ஒல்லாந்தர், 1706இல் கோட்டையினுள் எழுப்பிய தேவாலயத்தின் தரையமைப்பைச் சிலுவை வடிவிலேயே வகுத்தனர். அதே ஆண்டில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, சுரூபத்தை விலக்காத லூத்தரன் மரபினர். ஆகவே ‘கத்தோலிக்கருக்குச் சுரூபம், ஏனையோருக்கு வெறுஞ்சிலுவை’ என்ற பாகுபாடு நம் வரலாற்றுக்குப் போதாது.

இது ஏட்டளவிலான வினா அன்று. நான் வாழும் நகரில், போரில் மாண்ட எம்மவர்க்கான பொது நினைவு வழிபாடொன்றில் எச்சிலுவையை வைப்பதென்று இரு சபையாரும் முரண்பட்டனர். வெறுஞ்சிலுவையே நம்பிக்கையின் அடையாளம் என ஒரு சாரார் வாதிட்டனர். மகனின் உடலைக் காணக் கிடைக்காத தாயொருவர், தமக்கு உடலுள்ள சிலுவையே வேண்டுமென்றார். வெறுமையைத் தாம் ஆண்டுக்கணக்காகப் பார்த்துவிட்டதாகக் கூறினார். அவர் பிறப்பால் கத்தோலிக்கர் அல்லர். அவருக்கு எவரும் மறுமொழி கூறவில்லை. இறுதியில் இரண்டுமே வைக்கப்பட்டன.

வடிவத்தைக் கொண்டே சபையையும், சபையைக் கொண்டே பொருளையும் முடிவுசெய்யும் முறை புலம்பெயர் கிறித்தவ ஆய்வுகளில் இன்றும் தொடர்கின்றது. உரோமக் கதவு முதல் பரங்கிமலைக் கல் வரை மேலே கண்ட சான்றுகள் அம்முறையை ஆதரிக்கவில்லை. ஒரு சிலுவையின் பொருளை அறிய விழைவோர், அதனை அமைத்த சபையின் கோட்பாட்டோடு, அதன்முன் நிற்போரின் வாழ்வனுபவத்தையும் கேட்டறிதல் வேண்டும்.